வரப்பில் இறங்காத சட்டம்

அறுபது நிறைந்தவர்கள் சஷ்டியப்தபூர்த்திக்கும், எழுபதைக் கண்டவர்கள் பீமரத சாந்திக்கும், எண்பதைக் கடந்தவர்கள் சதாபிஷேகத்துக்கும் பிள்ளைகளும் பேரன் பேத்திகளும் புடைசூழ வந்திறங்கி, மார்க்கண்டேயனுக்காக எமனை உதைத்த காலசம்ஹார மூர்த்தியின் சந்நிதியில் மறுபடியும் மாலை மாற்றிக்கொண்டு, அபிராமியம்மையையும் வணங்கிவிட்டு, ஆயுளைப் பற்றிய கவலையைச் சற்றே இறக்கிவைத்துவிட்டுப் போகிற ஊர் திருக்கடையூர். வருகிறவர்கள் மயிலாடுதுறை மார்க்கமாக வந்தாலும், சீர்காழி மார்க்கமாக வந்தாலும், காரைக்கால் பக்கமிருந்து வந்தாலும், காவேரியின் கடைமடையான இந்த நெல்வயல்களைக் கடக்காமல் கோவில் வாசலுக்கு வந்து சேர முடியாது. சம்பாப் பயிர் பொதி கட்டும் பருவமானால், முதுகில் டேங்கைச் சுமந்துகொண்டு இடுப்பளவுப் பயிருக்குள் நடந்து மருந்தடிக்கிற ஓர் ஆளையோ இரண்டு ஆட்களையோ சாலையிலிருந்தே காணலாம். நெடி உள்ளே வராதபடி காரின் கண்ணாடி ஏற்றப்படும், வண்டி போய்விடும். வயலில் நிற்கிறவருடைய ஆயுளைப் பற்றி இந்தத் தேசத்துச் சட்டம் என்ன நினைக்கிறது, அதே விஷயத்தில் பிற தேசங்களின் சட்டங்கள் என்ன செய்திருக்கின்றன என்று விசாரித்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் உத்தேசம்.

முதலில் அந்த வேலையைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்த்துவிடுவது நல்லது. காற்று எழுவதற்கு முன்னே தொடங்கிவிட வேண்டும் என்பது அத்தொழிலின் முதல் விதி. வாய்க்கால் ஓரத்தில் ஒரு வாளி, அதில் வாய்க்கால் தண்ணீர், பக்கத்தில் புட்டிகள்: பூச்சிக்கு ஒன்று, குலைநோய்க்கு ஒன்று, பயிர் பச்சை பிடிப்பதற்கென்று கடைக்காரர் கையில் கொடுத்துவிட்ட டானிக் ஒன்று, மூன்றையும் ஒரே கலவையாக்கி அடித்துவிட்டால் ஒரு கூலியோடு போகும் என்பது கணக்கு. அளவுகோல் புட்டியின் மூடிதான். டேங்குக்கு இரண்டு மூடி என்று கடையில் சொல்லியிருப்பார்கள். புகையான் பூச்சி அதிகமென்று கண்டால் அது மூன்றாகிவிடும். கலக்குவதற்குக் குச்சி கிடைத்தால் குச்சி, இல்லாவிட்டால் கை. நிரப்பிய டேங்க் முதுகில் ஏறியதும், மூடியின் வாஷர் தேய்ந்திருக்குமானால், குனிந்து நிமிரும்போதெல்லாம் கலவை பிடரியிலும் முதுகிலும் வழிந்துகொண்டே இருக்கும். நாசில் அடைத்துக்கொண்டால் கழற்றி வாயில் வைத்து ஊதுவதே வழக்கம். தலையில் ஒரு துண்டு, மூக்கைச் சுற்றி மற்றொரு துண்டு, மடித்துக் கட்டிய கைலி, வெறுங்கால். தெளித்த ஈரம் சொட்டும் பயிரைக் கால்களால் விலக்கிக்கொண்டுதான் அடுத்த அடி எடுத்து வைக்க வேண்டும். "காத்து எதுக்கத் திரும்புதுங்களே" என்று அவர் குரல் கொடுத்தால், "இன்னும் ரெண்டு டேங்க்தானப்பா, அடிச்சுட்டு ஏறிடு" என்று வரப்பிலிருந்து பதில் வரும். கூலி பல இடங்களில் டேங்க் கணக்கு ஆகையால், பாதியில் நிறுத்தினால் நஷ்டம் அவருக்குத்தான்.

மத்தியானத்துக்குள் தலை கனக்கும், கண் மங்கும், வாயில் எச்சில் ஊறிக்கொண்டே இருக்கும், வேர்த்துக் கொட்டும், சிலருக்கு வாந்தி. வெயில் தாக்கிவிட்டது என்றோ பித்தம் தலைக்கேறிவிட்டது என்றோ சொல்லி, மோரையோ எலுமிச்சைச் சாற்றையோ கொடுத்துப் படுக்க வைப்பார்கள். மறுநாள் எழுந்து மறுபடியும் வேலைக்குப் போய்விடுவார். அவருக்கு நேர்ந்தது ஒரு தொழில் விபத்து என்பது எந்தப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிற அளவுக்கு முற்றினாலொழிய அது நோயென்றே கருதப்படுவதில்லை.

ஆர்கனோ பாஸ்பரஸ் என்ற வகையைச் சேர்ந்த பூச்சிக்கொல்லிகள் இவ்வாறு உடலைப் பாதிப்பதற்குத் தெளிவான காரணம் இருக்கிறது. ஒரு நரம்பு அடுத்த நரம்புக்கோ தசைக்கோ செய்தி அனுப்புவதற்கு ஒரு ரசாயனப் பொருளைச் சுரக்கிறது. செய்தி சேர்ந்தவுடன் அப்பொருளைக் கரைத்துவிடுவதற்குக் கோலினெஸ்டரேஸ் என்ற நொதி இருக்கிறது. இந்த விஷங்கள் அந்த நொதியை முடக்கிவிடுவதால், செய்தி ஓயாமல் அடித்துக்கொண்டே இருக்கிறது; பூச்சி சாவதும் அதனால்தான், மனிதனுக்கு எச்சில் ஊறிக் கண்பாவை சுருங்கி மூச்சு முட்டுவதும் அதனால்தான். ஜெர்மனியில் பூச்சிக்கொல்லி தேடிக்கொண்டிருந்த கெர்ஹார்ட் ஷ்ராடர் என்ற விஞ்ஞானி 1936-ல் கண்டது டாபுன் என்ற யுத்த வாயு. அதே ஆராய்ச்சியின் தொடர்ச்சியாக 1944-ல் அவர் கையில் வந்தது பாரத்தியான். அந்தப் பாரத்தியான்தான் பிற்பாடு பாலிடால் என்ற வியாபாரப் பெயரோடு நம் ஊர்க் கடைகளுக்கு வந்து, கிராமத்தில் எந்தப் பூச்சி மருந்தையும் அந்தப் பெயராலேயே குறிப்பிடுகிற அளவுக்குப் பழகிப்போயிற்று. தோல் வழியாகவே உள்ளே போகும் என்பதால், முதுகில் வழிந்த கலவையை மாலை வரை கழுவாமல் இருப்பது ஒரு சிறு கவனக்குறைவென்று தள்ளிவிடக்கூடியதல்ல.

இந்தியாவில் பூச்சிக்கொல்லிக்கென்று ஒரு சட்டம் பிறந்த கதையே ஒரு பெருந்துயரத்தில் தொடங்குகிறது. 1958-ஆம் வருஷம், பாரத்தியானும் உணவுப் பண்டங்களும் ஒரே கப்பலில் ஏற்றப்பட்டு வந்தபோது விஷம் கசிந்து உணவில் கலந்து, கேரளத்தில் அதை உண்ட நூற்றுக்கும் மேற்பட்ட ஜனங்கள் மாண்டுபோனார்கள். பாதிப்பு சென்னை ராஜ்யத்தையும் தொட்டது. பம்பாய் உயர் நீதிமன்ற நீதிபதி ஜே.சி. ஷா தலைமையில் விசாரணைக் கமிஷன் அமைக்கப்பட்டது. கமிஷனும் அதன் பின் நிபுணர் குழுவும் ஆலோசித்ததன் பலனாகப் பத்து வருஷம் கழித்து 1968-ல் பூச்சிக்கொல்லிகள் சட்டமும், 1971-ல் அதன் விதிகளும் வந்தன. பதிவு செய்யாமல் எந்தப் பூச்சிக்கொல்லியையும் தயாரிக்கவோ இறக்குமதி செய்யவோ கூடாது. உரிமம் இல்லாமல் விற்கக் கூடாது. புட்டியின் மேல் முனை குத்தி நிற்கும் சதுரம் ஒன்றை அச்சிட்டு, அதன் கீழ்ப்பாதியில் விஷத்தின் கடுமைக்கேற்பச் சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை என்று வர்ணம் காட்ட வேண்டும். பிரதேச பாஷையில் துண்டுப் பிரசுரம் வைக்க வேண்டும். தொழிலாளருக்குக் கையுறை, முகமூடி, காலணி, மாற்று மருந்து, பயிற்சி, வைத்தியப் பரிசோதனை எல்லாவற்றையும் பற்றி விதிகளில் விஸ்தாரமாகவே எழுதப்பட்டிருக்கிறது. படித்துப் பார்க்கிறவர்களுக்கு, இதற்கு மேல் ஒரு சர்க்கார் என்ன செய்ய முடியும் என்று தோன்றும்.

அப்படித் தோன்றுவது 38-ஆம் பிரிவைப் படிக்கும் வரையில்தான். ஒருவர் தம் வீட்டு உபயோகத்துக்கோ, தம் காய்கறித் தோட்டத்துக்கோ, தாம் சாகுபடி செய்யும் நிலத்துக்கோ பூச்சிக்கொல்லியைப் பயன்படுத்துவதற்கு இந்தச் சட்டத்தில் உள்ள எதுவும் பொருந்தாது என்று அங்கே எழுதியிருக்கிறது. விவசாயியை இன்ஸ்பெக்டர்களின் தொல்லையிலிருந்து காப்பாற்ற வேண்டுமென்ற நல்லெண்ணம் அதில் இருந்திருக்கலாம். அதைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் நிலம் யாருடைய சாகுபடியில் இருக்கிறதோ அவர் வேறு, டேங்கைச் சுமக்கிற முதுகு வேறு என்பதே காவேரிப் பாசனப் பிரதேசத்தின் நிலைமை. தொழிற்சாலையில் புட்டி நிரப்புகிறவருக்குக் கையுறை உண்டு, கிடங்கில் அடுக்குகிறவருக்கு விதி உண்டு, கூலிக்குப் பூச்சி ஒழிப்பு நடத்தும் கம்பெனியின் ஆளுக்கு உரிமமும் பயிற்சியும் உண்டு. அவர்கள் எல்லோரையும்விட அதிக நேரம் அந்த விஷத்திலேயே நனைந்து நிற்கிற கூலியாள் நிற்கும் இடத்தில்தான் சட்டம் நின்றுவிடுகிறது. சட்டம் ஆலையைச் சுற்றி வந்தது, துறைமுகத்தைச் சுற்றி வந்தது, கடைக்காரரின் அலமாரி வரையிலும் வந்தது. வரப்பில் மட்டும் இறங்கவில்லை.

போபாலுக்குப் பின்னும் அது இறங்கவில்லை. 1984 டிசம்பரில் அந்நகரத்து ஜனங்களைக் கொன்ற வாயு, பூச்சிக்கொல்லி தயாரிப்பதற்காகச் சேமித்து வைக்கப்பட்டிருந்ததுதான் என்பது எல்லோருக்கும் தெரியும். அதன் விளைவாக 1986-ல் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1987-ல் தொழிற்சாலைகள் சட்டம் திருத்தப்பட்டு, அபாயகரமான தொழில்களுக்குத் தனி அத்தியாயமே சேர்க்கப்பட்டது. எல்லாம் ஆலையின் மதிலுக்கு உள்ளேயும் அதைச் சுற்றிலும்தான். அந்த ஆலையில் தயாராகும் சரக்கு கடைசியில் யார் மேல் தெளிக்கப்படுகிறது என்று யாரும் கேட்கவில்லை.

நம் சட்டத்துக்கு விவசாயத் தொழிலாளியின் உடலைப் பற்றி ஒன்றுமே தெரியாது என்று சொல்லிவிடவும் முடியாது, அதுதான் விசித்திரம். 2010-ல் பெருந்தோட்டத் தொழிலாளர் சட்டம் திருத்தப்பட்டபோது, பூச்சிக்கொல்லிகளைக் கையாளும் தோட்டத் தொழிலாளரின் பாதுகாப்புக்கென்று ஏற்பாடுகள் சேர்க்கப்பட்டன. அவற்றின் சாரம் 2020-ஆம் வருஷத்துப் பணியிடப் பாதுகாப்பு, சுகாதாரத் தொகுப்புச் சட்டத்திலும் இடம்பெற்று, அத்தொகுப்பு 2025 நவம்பரில் அமலுக்கு வந்துவிட்டது. ஆகவே வால்பாறையில் தேயிலைக்கு மருந்தடிக்கிற பெண்ணுக்குச் சட்டத்தில் ஓர் இடம் இருக்கிறது. திருக்கடையூரில் நெல்லுக்கு அதே மருந்தை அடிக்கிறவருக்கு அந்த இடம் இல்லை. தொகுப்புச் சட்டம் பொதுவாகப் பத்துப் பேர் வேலை செய்யும் ஸ்தாபனத்தைத்தான் கணக்கில் எடுக்கிறது. மருந்தடிக்கிறவரோ பெரும்பாலும் தனியாள், மிஞ்சினால் இரண்டு பேர். இதைவிட வேடிக்கை ஒன்று உண்டு. சமீப காலமாக டெல்டாவில் டிரோன் பறக்கவிட்டு மருந்து தெளிக்கிறார்கள். அந்த யந்திரத்தை இயக்குகிறவர் 2021-ஆம் ஆண்டு டிரோன் விதிகளின்படி பயிற்சி பெற்றுச் சான்றிதழ் வைத்திருக்க வேண்டும். வானத்தில் பறக்கிற டேங்குக்கு விதி இருக்கிறது. முதுகில் சுமக்கிற டேங்குக்கு இல்லை. பக்கத்து வயலில் களை பறித்துக்கொண்டிருக்கும் பெண்களின் மேல் அந்தச் சாரல் காற்றில் வந்து விழுவது பற்றியும் பேச்சில்லை.

பிற தேசங்களுக்குப் போவோம். இங்கிலாந்தில் 1940-களின் பிற்பகுதியில் டி.என்.ஓ.சி. என்ற மஞ்சள் நிறக் களைக்கொல்லியைத் தெளித்த பண்ணையாட்கள் சிலர் மாண்டபோது, பேராசிரியர் ஸாலி ஸக்கர்மன் தலைமையில் ஒரு குழு அமைத்து விசாரித்தார்கள். 1952-ல் விவசாயத்தில் விஷப் பொருள்களைப் பற்றித் தனிச் சட்டமே கொண்டுவந்தார்கள். பாதுகாப்பு உடையைக் கொடுக்கும் பொறுப்பு பண்ணை முதலாளியின் தலையில் வைக்கப்பட்டது. இங்கே நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்ட பிறகு பத்து வருஷம் கழித்துச் சட்டம் வந்ததும், அங்கே சில பேர் மாண்டவுடனேயே பண்ணை வயலுக்குள் சட்டம் நுழைந்ததும், இரண்டு நாடுகளிலும் கூலியாளின் உயிருக்கு இருந்த மதிப்பைக் காட்டுகின்றன என்று சொன்னால் கோபித்துக்கொள்ளக் கூடாது.

அமெரிக்காவில் கலிபோர்னியா மாகாணத்து விதி ஒன்று என் மனத்தை மிகவும் கவர்ந்தது. முப்பது நாட்களில் ஆறு நாட்களுக்கு மேல் ஆர்கனோ பாஸ்பரஸ் வகையைக் கையாளுகிற தொழிலாளி எவரானாலும், வேலை தொடங்குமுன்பே அவருடைய ரத்தத்தில் கோலினெஸ்டரேஸ் எவ்வளவு என்று பார்த்துக் குறித்துவைத்து, பிறகு அவ்வப்போது சோதிக்க வேண்டும். குறிப்பிட்ட அளவுக்குக் கீழே இறங்கினால் அவரை அந்த வேலையிலிருந்து விலக்கிவிட வேண்டும். மயக்கம் போட்டு விழும் வரையில் காத்திருக்காமல், விழுவதற்கு முன்பே ரத்தம் சொல்லிவிடுகிறது. தெளித்த வயலுக்குள் இத்தனை மணி நேரம் யாரும் இறங்கக் கூடாது என்று பலகை வைப்பதும், பதினெட்டு வயது நிரம்பாதவரை இந்த வேலைக்கு விடாதிருப்பதும் அந்நாட்டின் மத்திய விதிகள். அங்கேயும் விவசாயத் தொழிலாளரைப் பொதுத் தொழிலாளர் சட்டங்களுக்கு வெளியே நிறுத்தி வைத்த சரித்திரம் நீண்டது. தொழிற்சங்கத் தலைவர் சீசர் சாவேஸ் போன்றவர்கள் திராட்சைத் தோட்டங்களில் வருஷக்கணக்காகப் போராடித்தான் சிலவற்றைப் பெற முடிந்தது.

மலேசியாவின் கதை நமக்கு நெருக்கமானது. ரப்பர்த் தோட்டங்களிலும் பனை எண்ணெய்த் தோட்டங்களிலும் களைக்கொல்லி தெளிக்கும் வேலை பெரும்பாலும் பெண்களுடையது. அவர்களில் பெருவாரியானவர்கள் தமிழர் வம்சத்தவர். பாராகுவாட் என்ற களைக்கொல்லியால் அவர்களுடைய நகமும் தோலும் கண்ணும் கெட்டுப்போவதை, ஐரீன் பெர்னாண்டஸ் என்ற அம்மையார் தலைமையில் இயங்கிய தெனாகனிதா அமைப்பு 2002-ல் ஓர் ஆய்வாக வெளியிட்டது. அதே வருஷம் மலேசிய அரசாங்கம் தடையை அறிவித்தது. 2006-ல் தோட்ட முதலாளிகளின் வற்புறுத்தலுக்கிடையே தளர்த்தியது. கடைசியில் 2020 ஜனவரி முதல் முழுத் தடை. பதினெட்டு வருஷ இழுபறி. ஐரோப்பிய யூனியன் 2007-லேயே தன் வயல்களிலிருந்து அகற்றிய அந்தப் பாராகுவாட், அதற்குப் பிறகும் வெகு காலம் இங்கிலாந்து மண்ணில் தயாராகி வெளிநாடுகளுக்குக் கப்பல் ஏறிக்கொண்டிருந்தது என்பதையும் வாசகர்கள் கவனிக்க வேண்டும். தன் குடிமகனுக்கு ஆகாதென்று விலக்கியதைப் பிறன் குடிமகனுக்கு விற்கலாம் என்ற நியாயத்தை எந்த சாஸ்திரத்தில் படித்தார்களோ தெரியவில்லை. இந்தியாவில் அது இன்றும் விற்பனையில் இருக்கிறது.

இவை எல்லாவற்றையும்விட நாம் கூர்ந்து படிக்க வேண்டிய பாடம் பாக்குநீரிணைக்கு அப்பால் இருக்கிறது. இலங்கை நம்மைப் போலவே அரிசி தின்கிற, சிறு விவசாயிகள் நிறைந்த தேசம். 1980-ல் பூச்சிக்கொல்லிக் கட்டுப்பாட்டுச் சட்டம் இயற்றி, அதற்கென்று ஒரு பதிவாளரையும் நியமித்த அந்நாடு, விவசாயிக்குக் கையுறை போடப் போதிப்பதோடு நில்லாமல், எந்த விஷம் மனிதரை அதிகமாகக் கொல்கிறதோ அதைக் கடையிலிருந்தே எடுத்துவிடும் மார்க்கத்தைக் கைக்கொண்டது. 1984-ல் பாரத்தியானும் மெதைல் பாரத்தியானும் போயின, 1995-ல் மோனோகுரோட்டோபாஸ் முதலிய கடும் விஷங்கள் போயின, 1998-ல் எண்டோசல்பான், 2008-க்கும் 2011-க்கும் இடையில் டைமெத்தோயேட், பென்தியான், பாராகுவாட். விஷப் புட்டி வீட்டு மூலையில் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதாலேயே ஒரு நொடியின் விரக்தியில் போன உயிர்கள் அங்கே எத்தனையோ ஆயிரம். 1995-ல், எட்டு வயதுக்கு மேற்பட்டோரில் லட்சத்துக்கு 57 என்றிருந்த தற்கொலை விகிதம், 2015-ல் 17 ஆகக் குறைந்தது. நெல் விளைச்சல் அதனால் குன்றிவிடவில்லை. இந்தியாவோ மோனோகுரோட்டோபாஸைப் பயிரிலிருந்து அகற்றும் ஆணையை 2023-ல்தான் பிறப்பித்தது. இலங்கைக்கு இருபத்தெட்டு வருஷம் பின்னால். இடையில் 2013-ல் பீகாரின் சரண் ஜில்லாவில் பள்ளி மதிய உணவில் அந்த விஷம் கலந்து 23 குழந்தைகள் இறந்தார்கள்.

இதே இலங்கைதான் 2021-ல், எந்த ஆயத்தமும் இல்லாமல் ரசாயன உரம், பூச்சிக்கொல்லி எல்லாவற்றையும் ஒரே நாளில் தடுத்து, அவ்வருஷ முடிவுக்குள் தடையை வாபஸ் வாங்கிக்கொண்டது. முப்பது வருஷம் ஒவ்வொன்றாக, ஆராய்ந்து, மாற்று எது என்று பார்த்து எடுத்தபோது ஜயித்த நாடு, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் எடுக்கப் போனபோது தோற்றது. முதலாவதைச் சொல்லும்போது இரண்டாவதையும் சொல்லாமல் விடுவது யோக்கியமாகாது.

இந்தோனேஷியாவின் அனுபவம் புகையானை அறிந்த நம் விவசாயிக்கு உடனே விளங்கும். மருந்து அடிக்க அடிக்கப் புகையான் பெருகியது. ஏனெனில் அதைத் தின்று வந்த சிலந்திகளும் நாவாய்ப் பூச்சிகளும்தான் முதலில் செத்தன. வட்ட வட்டமாகப் பயிர் காய்ந்து நின்றதைக் கண்ட சுகார்த்தோவின் அரசாங்கம், 1986-ல் நெல்லுக்கு அடிக்கப்பட்ட 57 பூச்சிக்கொல்லிகளைத் தடை செய்து, அவற்றுக்குக் கொடுத்து வந்த மானியத்தையும் படிப்படியாக நிறுத்திவிட்டு, வயலிலேயே பள்ளிக்கூடம் நடத்தி விவசாயிக்குப் பூச்சியின் வாழ்க்கையைச் சொல்லிக்கொடுத்தது. விளைச்சல் குறையவில்லை. நம் வயல்களிலும் மருந்துக்குப் பலியானது பூச்சி மட்டுமல்ல; கடைமடையில், வயலில் தண்ணீர் நின்ற காலத்தில் கூடை வைத்துப் பிடித்த குரவையும் கெளுத்தியும் வயல் நண்டும் ஏழைகளின் வீட்டில் குழம்பாகிய காலத்தைப் பெரியவர்கள் நினைவுகூர்கிறார்கள். மேலே நூறு ஊர்களில் அடித்த மருந்தெல்லாம் வடிகால் வழியாகக் கடைசியில் வந்து சேர்வது இந்தக் கடைமடைக்குத்தான்.

பாதுகாப்பு உடையைப் பற்றி ஒரு வார்த்தை. ரப்பர் கையுறையும் முகமூடியும் மேலங்கியும் போட்டுக்கொண்டு, சேற்றில் பதினாறு லிட்டர் டேங்கைச் சுமந்து இந்தப் பிரதேசத்து வெயிலில் ஒரு மணி நேரம் நடந்து பார்க்கட்டும் என்று அதை எழுதியவர்களையே அழைக்கலாம். இது என் அபிப்பிராயம் மட்டுமல்ல. ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய ஸ்தாபனமும் உலக சுகாதார ஸ்தாபனமும் சேர்ந்து வெளியிட்டுள்ள சர்வதேச நடத்தை நெறியே, அணிவதற்கு அசௌகரியமான, விலை அதிகமான, எளிதில் கிடைக்காத பாதுகாப்பு உடை தேவைப்படும் பூச்சிக்கொல்லிகளை, முக்கியமாக உஷ்ணப் பிரதேசங்களில் சிறு விவசாயிகளும் கூலியாட்களும் உபயோகிக்கும்படி விடக் கூடாதென்று சொல்கிறது. 2017-ல் மகாராஷ்டிரத்தின் யவத்மால் ஜில்லாவில் பருத்திக்கு மருந்தடித்த இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்து, நூற்றுக்கணக்கானோர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, பாதுகாப்பு உடை அணியவில்லை என்று இறந்தவர்கள் மேலேயே பழியைப் போட்டதையும் பார்த்தோம். உடை அணியாதது காரணமென்றால், உடையில்லாமல் அடிக்க முடியாத விஷத்தை உடை கிடைக்காத இடத்தில் விற்றது அதற்கு முந்திய காரணம்.

கீழத்தஞ்சை வரப்புகளில் சட்டம் இறங்கவே முடியாது என்று யாராவது சொன்னால், பழைய தஞ்சாவூர் ஜில்லாவின் சரித்திரம் அதற்கு எதிராகச் சாட்சி சொல்லும். 1952-ல் ராஜாஜி மந்திரிசபை தஞ்சாவூர்ப் பண்ணையாட்களுக்கும் குத்தகைதாரருக்கும் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவந்தது. வரப்பில் இறங்கி, பண்ணையாளை நினைத்தபோது வெளியேற்றும் அதிகாரத்தைத் தடுத்தது. 1968-ல் கீழ்வெண்மணியில் 44 பேர் எரிக்கப்பட்ட கொடுமைக்குப் பின், மறு வருஷமே விவசாயத் தொழிலாளர் நியாயக் கூலிச் சட்டம் வந்தது. இந்தக் கடற்கரையோரத்து வயல்களை இறால் பண்ணைகள் உப்பாக்கியபோது, சர்வோதயத் தலைவர் ஜகந்நாதன் உச்ச நீதிமன்றத்தின் கதவைத் தட்டினார். 1996 டிசம்பர் 11-ஆம் தேதி நீதிபதி குல்தீப் சிங் அமர்வு வழங்கிய தீர்ப்பு, மாசு செய்தவனே ஈடு செய்ய வேண்டும் என்று சொன்னதோடு, மூடப்படும் பண்ணைகளின் தொழிலாளருக்கு ஆறு வருஷக் கூலியும் கொடுக்கச் சொல்லிற்று. 2020-ல் டெல்டா பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலம் என்று சட்டமாகி, புதிய எண்ணெய்க் கிணறுகளுக்கு வாசல் அடைக்கப்பட்டது. குத்தகைக்குச் சட்டம், கூலிக்குச் சட்டம், நிலத்துக்குச் சட்டம், நீருக்குச் சட்டம் எல்லாம் இங்கே வந்திருக்கின்றன. ஒவ்வொன்றும் யாரோ ஒருவர் இடித்துக் கேட்டதால் வந்தது. உடலுக்குச் சட்டம் வேண்டுமென்று இதுவரை பலமாகக் கேட்ட குரல் இல்லை. கூலி உயர்வைக் கேட்கும் சங்கங்களும் இதைக் கடைசிக் கோரிக்கையாகக்கூட வைப்பதில்லை என்பது வருத்தம் தருகிற விஷயம்.

மாநில சர்க்காருக்கு இதில் இருக்கிற அதிகாரமும் சொற்பம். சில வருஷங்களுக்கு முன் தமிழ்நாட்டு அரசு, தற்கொலைகளைக் குறைக்கும் நோக்கத்தோடு ஆறு பூச்சிக்கொல்லிகளைத் தடை செய்தபோது, அந்தத் தடை 60 நாட்களுக்குத்தான் செல்லுபடியாயிற்று; 1968-ஆம் வருஷத்துச் சட்டம் மாநிலத்துக்குக் கொடுத்திருக்கிற அளவு ஏறக்குறைய அவ்வளவே. 2008-லும் 2020-லும் மாநிலங்களவைக்குக் கொண்டுவரப்பட்ட பூச்சிக்கொல்லி மசோதாக்கள் சட்டமாகவில்லை. விவசாயத்தில் பாதுகாப்பும் சுகாதாரமும் பற்றிச் சர்வதேசத் தொழிலாளர் ஸ்தாபனம் 2001-ல் இயற்றிய 184-ஆம் உடன்படிக்கையை இந்தியா ஏற்கவில்லை. பாதுகாப்பான பணியிடம் தொழிலாளரின் அடிப்படை உரிமைகளில் ஒன்று என்று 2022-ல் அதே ஸ்தாபனம் பிரகடனம் செய்துவிட்ட பிறகு, நெல்வயலும் ஒரு பணியிடமே என்பதை மறுக்க யாராலும் முடியாது.

இந்தப் பத்திரிகையைப் படிக்கிறவர்களில், டெல்டாவில் நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டுச் சென்னையிலோ பெங்களூரிலோ இருக்கிறவர்கள் பலர் உண்டு. அவர்கள் தம் குத்தகைதாரரிடம் இரண்டு கேள்விகள் கேட்கலாம்: சதுரத்தில் சிவப்பும் மஞ்சளும் உள்ள மருந்து என் நிலத்தில் இறங்குகிறதா, மருந்தடித்தவருக்குக் குளிக்கச் சோப்பும் நல்ல தண்ணீரும் அன்றே கொடுக்கப்படுகிறதா என்று. இதற்குச் சட்டம் வேண்டாம். சட்டத்தில் செய்ய வேண்டியது, 38-ஆம் பிரிவின் விலக்கைச் சொந்தக் கையால் சொந்த நிலத்தில் அடிக்கிறவரோடு நிறுத்தி, கூலிக்கு ஆள் வைத்து அடிக்கிறவரைப் பொறுப்பாளியாக்குவது. அது பார்லிமெண்டின் வேலை. அதற்குக் காத்திராமல் செய்யக்கூடியது ஒன்றும் இருக்கிறது. பூச்சிக்கொல்லியைக் கையாண்டதால் விஷமேறிய ஒவ்வொரு சம்பவத்தையும் இன்ன அதிகாரிக்குத் தெரிவித்தே ஆக வேண்டும் என்று டாக்டர்களுக்கு உத்தரவிட, அதே சட்டத்தின் 26-ஆம் பிரிவு மாநில அரசுக்கு அதிகாரம் கொடுத்திருக்கிறது. அந்தப் பிரிவு டெல்டாவின் ஒவ்வோர் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் ஒரு பதிவேடாக உயிர்பெற வேண்டும்; வெயில் என்றும் பித்தம் என்றும் போகிற கணக்கு அதில் ஏறினால்தான், எத்தனை பேர், எந்த மருந்தால் என்று கேட்க நமக்கு ஆதாரம் கிடைக்கும்.